இலையுதிர் காலத்தில் மூன்று நாள்: கேமரன் மலைக்குக் குடும்பப் பயணம்

மாசி, பங்குனி மாதங்களில் நம் தோட்டங்களின் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து நிற்கின்றன. புதுத் தளிர் விட்டு அது முற்றும் வரையில் பால் குறைகிறது. சில தோட்டங்களில் மரங்களுக்கு ஓய்வு தருவதற்காகப் பால்வெட்டையே சிறிது காலம் நிறுத்தி வைப்பதும் உண்டு. வருமானம் குறையும் இக்காலத்தைத் தொழிலாளர் குடும்பங்கள் கவலையோடு கழிப்பதே வழக்கமாக இருந்து வருகிறது. ஆயினும், குடும்பத்தோடு இரண்டு மூன்று நாள் வெளியே சென்று வருவதற்கு இதனினும் ஏற்ற காலம் ஆண்டில் வேறில்லை. கேமரன் மலையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,600 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி அக்டோபர், நவம்பர் மாதங்களிலும், பின்னர் ஏப்ரல், மே மாதங்களிலும் கொட்டிவிடுகிறது. ஜனவரி முதல் மார்ச் வரையில்தான் அம்மலையில் மழை ஓரளவு ஓய்ந்திருக்கும். சமவெளியில் மரம் ஓய்வெடுக்கும் நாளும், மலையில் மழை ஓய்வெடுக்கும் நாளும் ஒன்றாக அமைவது நமக்கு வாய்த்த வசதியாகும்.

இக்கட்டுரை, ரிங்லெட் என்னும் சிற்றூரைத் தங்குமிடமாகக் கொண்டு, இரண்டு இரவு மூன்று பகல் கேமரன் மலைக்குச் சென்று வர விரும்பும் தோட்டக் குடும்பங்களுக்காக எழுதப்படுகிறது. விடுப்பு, பணம், பாதை ஆகிய மூன்றையும் முன்கூட்டியே ஒழுங்கு செய்துகொண்டால் இப்பயணம் எவருக்கும் எட்டாததன்று.

மலை பல இருக்க இம்மலை ஏன்?

தேசியப் பூங்கா என்றதும் பலருக்கும் தாமான் நெகாரா நினைவுக்கு வரும். பகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களில் 4,343 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் அப்பூங்காவில்தான் தீபகற்பத்தின் மிக உயர்ந்த சிகரமாகிய தாகான் மலை, 2,187 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஆனால் அதில் ஏறி இறங்க ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். வழிகாட்டியும் நல்ல உடல்வலிமையும் வேண்டும். சபாவில் 1964-ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட கினபாலு பூங்கா உலகப் புகழ் பெற்றது; 4,095 மீட்டர் உயரமுள்ள அம்மலைக்குச் செல்ல விமானம் ஏறிக் கடல் கடக்க வேண்டும். கைக்குழந்தையும் வயதான பாட்டியும் உள்ள ஒரு குடும்பத்துக்கு இவ்விரண்டும் பொருந்தா. கேமரன் மலை சட்டப்படி தேசியப் பூங்கா அன்று. அது பகாங் மாநிலத்தின் ஒரு மாவட்டம். எனினும் 2,000 மீட்டர் உயரத்துக் காட்டைக் கூட வாகனத்தில் சென்றே காணலாம் என்பதும், மாலையில் ஊருக்குத் திரும்பிச் சூடாகச் சோறு உண்ணலாம் என்பதும் அதன் தனிச்சிறப்பு.

வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் 1885-ஆம் ஆண்டு இப்பகுதியை அளந்து சென்றார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1925-இல், சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இங்கு வந்து பார்த்து, மலைவாசத் தலம் அமைக்கத் தக்க இடம் இது எனப் பரிந்துரைத்தார். தாப்பாவிலிருந்து மலைக்கு ஏறும் சாலை 1931-இல் முடிந்தது. அக்காலத்தில் ஐரோப்பிய அதிகாரிகளும் தோட்டத் துரைமாரும் வெப்பத்திலிருந்து விடுபட்டு இளைப்பாறுவதற்கே அம்மலை நாடப்பட்டது. நம்மவர் அங்குச் சென்றது இளைப்பாறுவதற்கன்று. காடு திருத்தவும் தேயிலை நடவும்தான். இன்று அதே சாலையில் நாம் பயணிகளாக ஏறுகிறோம்.

விடுப்பும் விடுப்புக் கூலியும்

1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி, ஒரே முதலாளியிடம் தொடர்ந்து வேலை செய்பவருக்குச் சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு உண்டு. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவையுடையோருக்கு ஆண்டுக்கு 8 நாள். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குட்பட்டோருக்கு 12 நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் ஆனோருக்கு 16 நாள். இது சட்டம் வகுத்த குறைந்த அளவு. கூட்டு ஒப்பந்தத்தில் இதனினும் மேலான ஏற்பாடு இருப்பின் அதுவே செல்லும். இவ்விடுப்பு முதலாளி மனமுவந்து தரும் சலுகை என்று எண்ணிக் கேட்கத் தயங்குவோர் இன்னும் இருக்கின்றனர். அது உழைத்துச் சேர்த்த உரிமை.

பால் எடைக்குக் கூலி பெறும் வெட்டுத் தொழிலாளர் இங்கு ஒரு கணக்கை அறிந்துகொள்ள வேண்டும். துண்டுக்கூலிக்காரருக்கு விடுப்பு நாள் கூலியைக் கணக்கிடுகையில், அதற்கு முந்திய சம்பளக் காலத்தில் பெற்ற மொத்தக் கூலியை, அக்காலத்தில் அவர் உண்மையில் வேலை செய்த நாள்களால் வகுக்க வேண்டும் என்பது சட்டம். ஓய்வு நாளிலும் பொது விடுமுறையிலும் செய்த வேலைக்கான கூலி இதில் சேராது. ஊக்கத் தொகையும் சேராது. சான்றாக, ஒருவர் முந்திய மாதத்தில் 24 நாள் வேலை செய்து 1,800 வெள்ளி பெற்றிருந்தால் அவரது விடுப்பு நாள் கூலி 75 வெள்ளியாகும். எனவே மரம் இலை உதிர்க்கத் தொடங்கும் முதல் மாதத்திலேயே விடுப்பு எடுப்பவர், பால் நன்றாக இருந்த மாதத்தின் கணக்கில் கூலி பெறுவார். பால் வற்றிய பின் எடுப்பவரின் கணக்கு, அந்த வற்றிய மாதத்தைக் கொண்டே அமையும். தம் தோட்டத்தில் இது எவ்வாறு நடைமுறையில் உள்ளது என்பதைத் தோட்ட அலுவலகக் கிராணியாரிடமோ, தொழிற்சங்கக் கிளைச் செயலாளரிடமோ கேட்டுத் தெளிந்துகொள்வது நலம். விண்ணப்பத்தை ஒரு மாதம் முன்னரே எழுதிக் கொடுத்து, ஒப்புதல் வந்த பின்னரே அறைக்கு முன்பணம் கட்டவேண்டும்.

எந்த நாள்களைத் தெரிந்தெடுப்பது? சனிக்கிழமை காலையில் நாட்டின் பாதிக் கார்களும் மலையேறுகின்றனவோ என்று தோன்றும். ஞாயிற்றுக்கிழமை நண்பகலுக்குப் பின் அவை இறங்குகின்றன. ஆதலால் ஞாயிறு ஏறி, செவ்வாய் இறங்குவது சிறந்தது. ஞாயிறு வார ஓய்வு நாளாக உள்ள தோட்டங்களில் இதற்கு இரண்டு நாள் விடுப்பே போதும். பள்ளிப் பிள்ளைகள் இருப்பின் பள்ளி விடுமுறையில்தான் செல்ல முடியும். அப்போது கூட்டமும் அறை வாடகையும் மிகுதி என்பதை மனத்திற் கொண்டு முன்பதிவு செய்க. சீனப் புத்தாண்டு வாரத்தில் செல்லாதிருப்பதே மேல்.

பணத்தை முதலிற் சேர்த்தல்

பயணத்துக்கென்று கடன் வாங்குதல் கூடாது. வட்டிக்காரனிடம் வாங்கிய பணத்தில் மூன்று நாள் குளிர்ந்துவிட்டு, ஓராண்டு வெந்து கிடப்பதில் பொருளில்லை. தீபாவளிச் செலவு முடிந்த கையோடு, வாரம் 25 வெள்ளி வீதம் ஒரு தகரப்பேழையிலோ கூட்டுறவுச் சங்கக் கணக்கிலோ போட்டு வந்தால், 16 வாரத்தில் 400 வெள்ளி சேரும். வாரம் 25 வெள்ளி இயலாதவர் 15 வெள்ளி போடலாம். அது 240 வெள்ளியாகும். சேர்ந்த தொகையே பயணத்தின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். அதில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து, வண்டிப் பழுது, மருந்து போன்ற எதிர்பாராச் செலவுக்கெனத் தனியே முடிந்து குடும்பத் தலைவியிடம் கொடுத்துவிடுக. எஞ்சியதில் அறை வாடகையும் போக்குவரத்தும் பாதிக்கு மேல் விழுங்குமானால், ஓர் இரவைக் குறைத்துக் கொள்ளலாம். அல்லது உறவினர் குடும்பம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டு வேன் வாடகையைப் பகிர்ந்துகொள்ளலாம். மலைத் தோட்டங்களில் சம்பந்தி, சகலை என்று யாரேனும் இருக்கக்கூடும். அவர்கள் வீட்டில் தங்குவதாயின் வெறுங்கையோடு போகாது, அரிசியும் தேங்காயும் கொண்டு செல்வது நம் வழக்கம்.

தங்குமிடத்தைப் பொறுத்தவரை ஒன்றை வலியுறுத்த வேண்டியுள்ளது. 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 16 அன்று, பள்ளி விடுமுறைக் காலத்தில், சிலாங்கூர் பத்தாங் காலியை அடுத்த மலைப்பகுதியில் ஒரு கூடார முகாமின்மேல் நள்ளிரவுக்குப் பின் மண் சரிந்து விழுந்தது. பிள்ளைகளும் பெரியவர்களுமாக 31 பேர் மாண்டனர். அவ்விடத்தில் முகாம் நடத்த உரிமம் பெற்றிருக்கவில்லை என்பது பின்னர் வெளிவந்தது. அறையோ கூடாரமோ, உரிமம் உண்டா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். வெட்டிய செம்மண் சரிவுக்கு நேர் கீழேயும், ஆற்றங்கரையை ஒட்டியும் உள்ள இடம் எவ்வளவு மலிவாயினும் வேண்டாம் என்று ஒதுக்கிவிடுக.

பாதை

தாப்பாவிலிருந்து ஏறும் பழைய சாலையே ரிங்லெட்டுக்கு நேர்வழி. ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவு, நூற்றுக்கணக்கான வளைவுகள். ஈப்போவுக்கு அண்மையில் சிம்பாங் பூலாயிலிருந்து ஏறும் அகன்ற புதுச் சாலை மலையின் வடமுனையில் கம்போங் ராஜாவில் கொண்டு சேர்க்கும். அங்கிருந்து ரிங்லெட் வர மலை முழுவதையும் கடந்து தெற்கே இறங்க வேண்டும். பகாங்கின் உட்பகுதித் தோட்டங்களிலிருந்து வருவோருக்குக் கோலா லிப்பிஸ் பக்கமிருந்து சுங்கை கோயான் வழியாக ரிங்லெட்டுக்கே வந்து சேரும் சாலை உண்டு. பேருந்தில் செல்வோர் சீட்டு வாங்குமுன், அது எவ்வழிச் செல்கிறது, ரிங்லெட்டில் நிற்குமா என்று கேட்டறிதல் வேண்டும். ரயிலில் வருவோர் தாப்பா ரோடு நிலையத்தில் இறங்கலாம். நிலையம் தாப்பா நகரிலிருந்து சற்றுத் தொலைவில் உள்ளதால் அங்கிருந்து வாடகை வண்டி தேவைப்படும்.

சொந்தக் கார் வைத்திருப்போர் மலையேற அஞ்சுகின்றனர். உண்மையில் அஞ்ச வேண்டியது இறக்கத்துக்கே. ஏறும்போது எஞ்சின் சூடேறும். நிறுத்தி ஆறவிட்டால் தீர்ந்தது. இறங்கும்போது ஓயாது பிரேக்கை மிதித்தால் பிரேக் சூடேறி, பின்னர் எவ்வளவு அழுத்தினும் பிடிக்காது. 2010-ஆம் ஆண்டு டிசம்பர் 20 அன்று கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய்ச் சாலையில் இறங்கிய சுற்றுலாப் பேருந்து ஒன்று கவிழ்ந்து, தாய்லாந்துப் பயணிகள் உள்ளிட்ட இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இறங்கும்போது தாழ்ந்த கியரில் வைத்து எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துமாறு ஓட்டுக. தானியங்கி கியர் வண்டியிலும் தாழ்ந்த கியருக்கான நிலை உண்டு. பின்னால் வருபவர் ஹாரன் அடித்தால் இடம் கண்ட இடத்தில் ஒதுங்கி வழிவிடுக. மாலை ஐந்து மணிக்கு மேல் மூடுபனியில் இறங்கத் துணியவேண்டாம்.

பிள்ளைகளுக்கு வளைவுகளில் வாந்தி வருவது இயல்பு. புறப்படுமுன் வயிறு நிறைய ஊட்டாமல், இரண்டு இட்லியோ ரொட்டியோ கொடுத்தால் போதும். முன்பக்கம் அமர்த்தி, தொலைவில் உள்ள சாலையைப் பார்க்கச் சொல்லுக. கைத்தொலைபேசியைக் குனிந்து பார்க்க விடாதீர்கள். காது அடைத்துக்கொண்டால் மிட்டாய் ஒன்றைச் சப்பச் சொன்னால் விட்டுவிடும். ஏற ஏறப் பையிலுள்ள பிஸ்கட் பொட்டலங்கள் பலூன்போல் உப்புவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மேலே காற்றழுத்தம் குறைவு. பொட்டலத்துக்குள் அடைபட்டதோ சமவெளிக் காற்று. அதே காரணத்தால்தான் தானா ராத்தாவில் தண்ணீர் ஏறக்குறைய 95 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. சோறு வேகவும் சற்று நேரம் கூடுதலாகிறது.

பாதி வழியில் சாலையோரத்திலேயே இஸ்கந்தர் நீர்வீழ்ச்சி உள்ளது. அங்கு இறங்கிக் கைகால் கழுவிக்கொள்ளலாம். சாலை நெடுகிலும் பூர்வகுடி மக்கள் பருவத்துக்கேற்பப் பெத்தாய்க்காயும் காட்டுத் தேனும் விற்பர். மலையின் முதற்குடிகள் அவர்களே. பேரம் பேசி அவர்களை வருத்துவது நமக்கு அழகன்று.

ரிங்லெட்

பேராக் எல்லையைக் கடந்து பகாங்கில் சந்திக்கும் முதல் மலையூர் ரிங்லெட். கடல் மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கு மேல் உள்ளது. நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 0.6 பாகை குறையும் என்பது பொதுக்கணக்கு. நம் தோட்டத்தில் பகலில் 33 பாகை இருந்தால் ரிங்லெட்டில் 26 பாகை அளவில் இருக்கும். இன்னும் உயரத்திலுள்ள தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் அதனினும் குறையும். பெரிய விடுதிகளும் வாகன நெரிசலும் அந்த மேலூர்களில்தான். ரிங்லெட், காய்கறித் தோட்டக்காரர்களும் பூந்தோட்டக்காரர்களும் தேயிலைத் தொழிலாளரும் தம் அலுவலுக்கு வந்து போகும் ஊர்; பயணியைக் கவர்வதற்கென்று அது தன்னை அலங்கரித்துக் கொள்வதில்லை. இதனைக் குறையென்பார் உளர். நமக்கோ அங்குக் கடைப்பேச்சு தமிழில் நடப்பதும், நம் உணவு கிடைப்பதும், ஊரில் தமிழ்ப்பள்ளி ஒன்று இருப்பதும் வீட்டு நினைவையே தரும்.

குளிருக்கெனப் புதுக் கம்பளிச் சட்டை வாங்க வேண்டியதில்லை. இரண்டு பருத்திச் சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்தால் இடையில் அடைபட்ட காற்றே வெப்பத்தைக் காக்கும். காலுறையும் தலைக்கு ஒரு துண்டும் முதியோருக்கும் குழந்தைகளுக்கும் கட்டாயம். இரவில் வெப்பம் 15, 16 பாகைக்கு இறங்கும். மூச்சிரைப்பு உள்ளவர்கள் தம் மருந்தைக் கைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும். நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளை நான்கு நாளுக்குக் கணக்கிட்டு எடுத்துச் செல்க.

கொழுந்தும் பாலும்

ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தா செல்லும் சாலையில் ஹாபு என்னுமிடத்தில் ஒரு கிளைச்சாலை பிரிகிறது. குறுகலான அச்சாலையில் சென்றால் போ தேயிலைத் தோட்டத்தை அடையலாம். ஜே. ஏ. ரஸல் என்பவர் 1929-இல் தொடங்கிய தோட்டம் அது. பிரிஞ்சாங்குக்கு மேலே சுங்கை பாலாஸிலும் அதே நிறுவனத்தின் தோட்டமும் தொழிற்சாலையும் உள்ளன. 1933-இல் தொடங்கிய பாரத் நிறுவனத்தின் தேயிலையும் பெருஞ்சாலையோரத்திலேயே பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் காணப்படும். பயணிகளுக்கான பகுதி திங்கட்கிழமைகளில் மூடப்படுவது பொதுவாக வழக்கமாதலால், ஞாயிறு ஏறிய குடும்பம் தேயிலையைச் செவ்வாய்க் காலைக்கு வைத்துக்கொள்வது நன்று.

மற்றப் பயணிகள் அங்குப் படம் எடுத்துக்கொண்டு, ஒரு கோப்பைத் தேநீர் பருகித் திரும்பிவிடுகின்றனர். தோட்டத் தொழிலாளராகிய நாம் காண வேண்டியது இன்னும் உண்டு. தேயிலைச் செடி இயல்பில் ஒரு மரம். வெட்டாது விட்டால் ஓங்கி வளர்ந்துவிடும். இடுப்பளவில் கவாத்துச் செய்து கொண்டே இருப்பதால்தான் அது செடியாக நின்று கொழுந்து விட்டுக் கொண்டிருக்கிறது. நம் மரமும் காயப்படுத்தப்பட்டே பயன் தருகிறது. பட்டையைத் தொட்டு மரத்தைத் தொடாமல் வெட்டும் கைத்திறன் நமக்கு எப்படியோ, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி எடுப்பது அவர்களுக்கு அப்படி. முன்னாளில் முதுகில் கூடை தாங்கி நம் பெண்கள் கையால் பறித்தனர். பின்னர்க் கத்தரிக்கோல் வந்தது. இன்று பெரும்பாலும் இருவர் தாங்கிப் பிடிக்கும் இயந்திரம் கொழுந்தை வெட்டுகிறது. வேலை செய்வோரில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாட்டினர் பெருகிவிட்டனர். நம் ரப்பர்த் தோட்டங்களில் நாம் கண்ட மாற்றம்தானே இது! எனினும் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் அங்கு வாழ்கின்றன.

தொழிற்சாலையில் பச்சைக் கொழுந்தை முதலில் பல மணி நேரம் காற்றோட்டத்தில் வாட்டுகின்றனர். அதன் ஈரத்தில் ஏறத்தாழப் பாதி போய்விடும். பின்னர் உருளைகளில் நசுக்கித் திரிக்கின்றனர். நசுங்கிய இலையின் சாறு காற்றிலுள்ள பிராணவாயுவோடு கலந்து, பச்சை நிறம் மாறிச் செம்பழுப்பாகிறது. தேநீரின் நிறமும் மணமும் பிறப்பது இந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான். இந்நிற மாற்றத்தை நடத்துவது இலையிலுள்ள ஒருவகை நொதி. நறுக்கிய கத்தரிக்காய் கறுப்பதும் இவ்வகை நொதியால்தான். மங்கில் விட்ட பாலும் ஒட்டுப்பாலும் கறுத்துப் போவதிலும் அதற்குப் பங்குண்டு. ரப்பரில் அது கேடு. வெண்மையான கிரேப் ரப்பர் செய்யும்போது மருந்திட்டுத் தடுக்கிறோம். தேயிலையில் அதுவே சிறப்பு. வேண்டிய அளவு நடக்கவிட்டு, ஏறக்குறைய 100 பாகை வெப்பக் காற்றில் உலர்த்தி நிறுத்துகின்றனர். நாலரை முதல் ஐந்து கிலோ கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலை கிடைக்கிறது. பால் வெட்டும் தந்தை இதைப் பிள்ளைக்கு விளக்கும்போது, வேறெந்த வழிகாட்டியும் தரமுடியாத பாடமாக அது அமையும்.

லயத்துப் பக்கம் செல்ல நேர்ந்தால், அது பிறர் குடியிருப்பு என்பதை மறத்தலாகாது. நம் வீட்டு வாசலில் அயலார் நின்று நம் பிள்ளைகளைப் படம் பிடித்தால் நாம் விரும்புவோமா? செடிகளுக்கிடையே பிள்ளைகளை ஓடவிடவும் வேண்டாம். சரிவு வழுக்கும், மருந்து தெளித்த நிரையாகவும் இருக்கலாம்.

மலைநீரின் வழி

ரிங்லெட்டுக்கு அண்மையில் சாலையோரமாக ஏரி ஒன்று தோன்றும். அது இயற்கை ஏரியன்று. 1963-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணை தேக்கி வைத்த நீர். பெர்த்தாம், தெலோம் ஆறுகளின் நீர் இயல்பாகப் பகாங் ஆற்றில் சேர்ந்து தென்சீனக் கடலுக்குச் செல்ல வேண்டியது. பொறியாளர்கள் அதனைச் சுரங்கங்களின் வழியே மலையைக் குடைந்து மேற்கே திருப்பி, பேராக் பக்கத்தில் பல நூறு மீட்டர் கீழே பாய்ச்சி, ஜோர் என்னுமிடத்தில் நிலத்தடி மின்நிலையத்தில் மின்சாரம் எடுக்கின்றனர். அந்நீர் அதன்பின் மலாக்கா நீரிணையை நோக்கிச் செல்கிறது. கிழக்கே விழுந்த மழை மேற்குக் கடலைச் சேரும் இவ்விந்தையை நிலப்படம் ஒன்றை விரித்துப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

ஏரியின் நிறத்தையும் கவனியுங்கள். மழைக்குப் பின் அது தேநீர்போல் செந்நிறமாயிருக்கும். சரிவுகளில் காட்டை அழித்துக் காய்கறி பயிரிட்ட இடங்களிலிருந்து அடித்து வரப்பட்ட மண் அது. அம்மண் அணையில் படிந்து, நீர் கொள்ளும் இடத்தைக் குறைத்துவிட்டது. 2013-ஆம் ஆண்டு அக்டோபர் 23 அன்று அதிகாலையில், பெருமழையால் நிரம்பிய அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது, கீழேயுள்ள பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டு சென்றது. பல வீடுகள் பாழாயின. ஆகவே அணைக்குக் கீழே ஆற்றில் இறங்கிக் குளிப்பதும், கரையில் அடுப்பு மூட்டிச் சமைப்பதும் கூடா. எச்சரிக்கைச் சங்கு ஒலித்தால் பொருளை எடுக்க நில்லாது மேட்டுக்கு ஏறவேண்டும்.

பாசிக்காடு

திங்கட்கிழமையைக் காட்டுக்கும் கோயிலுக்கும் சந்தைக்கும் ஒதுக்கலாம். 2,031 மீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங் மலையின் உச்சிப் பகுதியில் மரங்கள் குட்டையாகவும் முறுக்கேறியும், அடிமுதல் நுனிவரை பாசி போர்த்தும் நிற்கும். மேகமே அங்குக் காட்டுக்குள் நுழைந்து உலாவுகிறது. அப்பாசி பஞ்சுபோல் மூடுபனியை உறிஞ்சிச் சொட்டுச் சொட்டாக ஓடைகளுக்கு விடுகிறது. மேற்சொன்ன ஏரிக்கு நீர் ஊறும் இடமும் இத்தகைய காடுகளே. பூச்சியை விழுங்கும் கெண்டிச்செடியையும் அங்குக் காணலாம். பறித்து வந்தால் நம் தோட்டத்து வெப்பத்தில் அது ஒரு வாரமும் தாங்காது. உச்சிக்குச் செல்லும் பாதை மிகக் குறுகலானது. காட்டுக்குள் அமைத்த மரப்பாதை பராமரிப்புக்காக மூடப்படுவதும் உண்டாதலால், திறந்துள்ளதா என்று தங்குமிடத்திலேயே கேட்டறிந்து செல்க. மழை தூறினால் முதியோரை அழைத்துச் செல்ல வேண்டாம்.

தானா ராத்தாவைச் சுற்றி எண்ணிட்ட காட்டுப் பாதைகள் பல உள. நாள்தோறும் ரப்பர் நிரைகளில் நடக்கும் நமக்குக் காடு என்ன புதிது என்று எண்ணுதல் கூடாது. தாய்லாந்தில் பட்டு வாணிகத்தால் புகழ்பெற்ற ஜிம் தாம்சன் என்னும் அமெரிக்கர், 1967-ஆம் ஆண்டு மார்ச் 26 அன்று தாம் தங்கியிருந்த பங்களாவிலிருந்து உலாவப் புறப்பட்டார். நூற்றுக்கணக்கானோர் பல நாள் தேடியும் அவரைப் பற்றிய தடயம் ஒன்றும் கிட்டவில்லை. வழிகாட்டியின்றியும், எங்கே போகிறோம் என்று சொல்லாமலும் எவரும் காட்டுப் பாதையில் இறங்க வேண்டாம்.

பிரிஞ்சாங்கில் தெண்டாயுதபாணி சுவாமி ஆலயம் உள்ளது. மலையில் முருகனைக் காணாது திரும்ப நம் பாட்டிமார் இசையமாட்டார்கள். ஸ்திராபெரித் தோட்டங்களில் பழத்தை நாமே பறிக்க விடுவர். பறித்ததை நிறுத்துப் பணம் கேட்பர். ஆகவே விலையைக் கேட்ட பின்னரே பிள்ளைகள் கையில் கூடையைக் கொடுக்க வேண்டும். உள்ளபடி சொன்னால் பழம் புளிக்கும்; பறிப்பதில்தான் இன்பம். முட்டைக்கோசு, தக்காளி, பூக்கள் ஆகியவற்றை முதல் நாளே வாங்கிச் சுமக்காமல், இறங்கும் வழியில் வாங்குக.

செவ்வாய்க் காலை தேயிலைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு, ரிங்லெட்டில் பகலுணவு முடித்து இரண்டு மணிக்குப் புறப்பட்டால், வெளிச்சம் இருக்கும்போதே தாப்பாவை அடைந்துவிடலாம். இறங்க இறங்கச் சட்டை ஒவ்வொன்றாகக் கழலும். வீடு சேர்ந்ததும் ஈரத் துணிகளைக் கொடியில் போட்டு, கோழிகளைப் பார்த்துக்கொண்ட அண்டை வீட்டாருக்கு ஒரு கோசும் ஒரு பொட்டலம் தேயிலையும் கொடுத்துவிட்டு, ஒன்பது மணிக்கெல்லாம் உறங்கிவிடுக. மறுநாள் விடியற்காலையில் பெரட்டு.